தீவனக் கணக்குக்கு முன்னால் வாயைப் பாருங்கள்

சந்தையில் வாயைத் திறந்து பல் பார்க்காமல் நம்மில் யாரும் மாடு வாங்குவதில்லை. ரெண்டு பல்லா, நாலு பல்லா, 8 பல்லும் போட்டுவிட்டதா என்று பார்த்து வயதைச் சொல்லிவிடுகிறோம். அந்த 8 முன்பல்லும் கீழ்த்தாடையில்தான் இருக்கின்றன. மேல்தாடையின் முன்பக்கத்தில் பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். ஏன் அப்படி என்று பணி ஓய்வு பெறும்வரை நான் யோசித்ததே இல்லை. யோசிக்காமலேயே வங்கி மேசையில் உட்கார்ந்து எத்தனையோ கறவை மாட்டுக் கடன்களுக்கும் ஆட்டுக் கடன்களுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மாடு மேய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நாக்கை நீட்டிப் புல்லைச் சுற்றி வளைக்கும். கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவில் அதை அழுத்திப் பிடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டிப் பிடுங்கும். நாக்கில் சுற்றும் அளவுக்குப் புல் உயரமாக இருந்தால்தான் அதன் வயிறு நிறையும். தரையோடு ஒட்டின புல்லில் நாள் முழுக்க மேய்ந்தாலும் அரை வயிறுதான். செம்மறி ஆட்டுக்கு மேலுதடு நடுவில் பிளந்திருக்கிறது. அதனால் பல்லைத் தரைக்கு மிக அருகே கொண்டுபோய்க் கொறிக்க முடிகிறது. முதலில் மாடு, அதன் பின்னால் செம்மறி என்று மேய்த்தால் ஒரே நிலம் இரண்டுக்கும் சோறு போடும். மாற்றிச் செய்தால் மாடு பட்டினி.

நாக்கால் அள்ளி இழுக்கிற வாய் எதையும் பொறுக்கிப் பார்க்காது. அதனால்தான் தீவனத்தோடு ஆணியும் கம்பித் துண்டும் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. அவை தங்குவது தேன்கூடு போலிருக்கும் இரண்டாம் வயிற்றில். அதற்கு மிக அருகில் இதயம். கம்பி குத்தி மாடு சாவது இப்படித்தான். வெள்ளாட்டுக்கு இது அபூர்வம். அதன் வாய் குறுகலானது, உதடு விரல் மாதிரி வேலை செய்யும். முள்ளுக்கு நடுவே இருக்கிற ஒரு இலையை மட்டும் தனியாகக் கிள்ளி எடுத்துவிடும்.

இது தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தோட்டத்துக்கு வந்த புதிதில் வெள்ளாடு வாங்கினேன். தீவனப்புல்லை வெட்டித் தரையில் போட்டேன். மிதித்து, மூத்திரம் பெய்து, பாதிக்கு மேல் வீணாக்கின. வெளியே விட்டால் வரப்பில் கட்டைப் புல்லைக் கடித்தன. மழைக்காலம் முடிவதற்குள் கழிச்சலும் இளைப்பும் வந்து நாலு குட்டி போய்விட்டது. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், மாட்டுக்கு வாய் கீழ பாக்குது, ஆட்டுக்கு வாய் மேல பாக்குது. தழையை ஒடிச்சுக் கட்டித் தொங்க விடுங்க." அகத்தியும் வேம்பும் கிளுவையும் ஒடித்துக் கட்டினேன். பின்னங்காலில் நின்று எக்கித் தின்றன. வீணாவதும் நின்றது, கழிச்சலும் குறைந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. குடற்புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில், தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான் இருக்கும். தலைக்கு மேலே இருக்கும் தழையைத் தின்கிற ஆட்டுக்கு அந்தப் புழு அதிகம் சேராது. நாம் அதைக் கட்டைப் புல்லில் மேயவிட்டுவிட்டு, மாதாமாதம் பூச்சி மருந்து வாங்கிக் கொடுக்கிறோம். கசப்பும் துவர்ப்பும் உள்ள தழைகளைக்கூடத் தின்கிற அந்த வாயே ஒதுக்குகிற இலைகளும் உண்டு. ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை என்று பேரிலேயே அதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாம் பூச்சிவிரட்டிக்குத் தழை தேடும்போது 'ஆடு மாடு தின்னாத இலை' என்று பார்ப்பதும் அந்த வாயை நம்பித்தானே!

வாய்க்கு அடுத்தது வயிறு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி உலகின் பல பகுதிகளில் காடு சுருங்கிப் புல்வெளி பரவியது. புல்லில் மணலுக்கு உறவான சிலிக்கா இருக்கிறது. அது பல்லைத் தேய்க்கும். உயரமான கடைவாய்ப்பல்லும், நார்ச்சத்தை ஊற வைத்துப் புளிக்கச் செய்யும் வயிறும் அமைந்த விலங்குகள் அந்தப் புல்வெளியில் பெருகின. நம் மாடு அந்த வழியில் வந்தது. நார்த்தீவனம் தின்னும் மாடு ஒரு நாளில் 7, 8 மணி நேரம் அசை போடும். பெரிய மாட்டுக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். அந்த உமிழ்நீர்தான் வயிற்று அமிலத்தை அடக்குகிறது.

அரிசிச் சோறும் மாவும் கொட்டினால் அசை போட வேலை இல்லை. உமிழ்நீர் குறையும், அமிலம் ஏறும். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றையும் பொங்கலையும் அன்போடு வைத்து, மறுநாள் மாட்டைப் புதைத்த வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. அடர்தீவனத்தை அளவு மீறிக் கொடுப்பதும் அதே காரியத்தை மெதுவாகச் செய்வதுதான். அந்த அமிலத்தின் பாதிப்பு குளம்பு வரை போகும். கால் நொண்டுகிறது என்று காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம், கோளாறு தீவனத் தொட்டியில் இருக்கும்.

அடுத்தது உடம்பும் காலும். திமிலும் தொங்கும் அலைதாடியும் உள்ள மாடுகளைச் சிந்துவெளிப் பக்கம் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே பழக்கிவிட்டார்கள். தளர்ந்த தோல், அதிக வியர்வைச் சுரப்பிகள், உடலில் குறைவாக உண்டாகும் சூடு என எல்லாம் வெயிலுக்கு ஏற்ற அமைப்பு. குளிர்நாட்டுக் கலப்பு மாடு வெயிலில் சூட்டை வெளியேற்ற முடியாமல் முதலில் தீவனத்தைத்தான் குறைக்கும், பிறகு பால் குறையும். நம் இனங்களுக்குள்ளேயே பாருங்கள். டெல்டாவின் சேற்று வயலுக்குக் குட்டையான உறுதியான கால் கொண்ட உம்பளாச்சேரி; அந்தியூர் மலைக்காட்டில் ஏறி இறங்கப் பர்கூர்; கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியும் உள்ள கொரங்காட்டுக்குக் காங்கேயம். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கருப்பு; குட்டையில் கிடப்பது அதற்குச் சோம்பல் அல்ல, பிழைப்பு.

இப்போது என் கையெழுத்துக்கு வருகிறேன். அன்று என் மேசைக்கு வந்த திட்ட அறிக்கைகளில் பால் எத்தனை லிட்டர், அடர்தீவனம் என்ன விலை, தவணை எத்தனை என்ற கட்டங்கள் எல்லாம் இருந்தன. மானாவாரி நிலமா, நிழல் இருக்கிறதா, பசுந்தீவனம் எங்கிருந்து வரும், அந்த மாடு அந்த வெயிலில் நிற்குமா என்ற கட்டம் இல்லை. நானும் கேட்கவில்லை. முதல் கோடையில் பால் இறங்கும், இரண்டாம் கோடையில் மாடு சந்தைக்குப் போகும், தவணை மட்டும் வீட்டில் நிற்கும். வசூலுக்குப் போனபோது விவசாயிக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்று குறிப்பு எழுதினேன். தெரியாதது எனக்குத்தான்.

கலப்பு மாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீரும், பசுந்தீவனமும், நல்ல நிழலும் உள்ளவர்கள் அதை வைத்துக் குடும்பம் நடத்துவதைப் பார்க்கிறேன். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே மாடு, எல்லா வீட்டுக்கும் ஒரே ஆடு என்று திட்டம் போடுவது, எல்லாக் காலுக்கும் ஒரே அளவில் செருப்புத் தைப்பது மாதிரி. நடக்கிறவனுக்குத்தான் கொப்புளம்.

கால்நடை வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் வாய் எதைத் தின்ன அமைந்தது, அது என் நிலத்தில் இருக்கிறதா? இதன் கால் எந்தத் தரைக்கு அமைந்தது, நான் எதில் கட்டப் போகிறேன்? இதன் தோல் எந்த வெயிலைத் தாங்கும், எனக்கு நிழல் எவ்வளவு? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு பால் கணக்குப் போடலாம். பதில் வராவிட்டால் முதலில் அகத்தியும் வேம்பும் நடுங்கள், வேலியில் கிளுவை ஊன்றுங்கள். மாடு அடுத்த வருஷம் வரட்டும்.