‘ஸ்டிரைக்’

ஆங்கிலம் வாசித்தறியாத வியாசர்பாடிப் பாட்டியம்மாளிடம் ‘ஸ்டிரைக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். அர்த்தம் என்னவென்று அவர் கேட்கமாட்டார். பக்கத்துப் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்னாடிக் என்ற இரு பஞ்சாலைகள் நூறாண்டுகளுக்கு மேல் நடந்து, 1996-இல் மூடப்பட்டன. ஆலைச் சங்கொலியோடு இவ்வார்த்தையும் அப்பகுதிக் குடும்பங்களில் புகுந்துவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் மென்மையானது: தடவுதல், செல்லுதல். ‘அடித்தல்’ என்பது பின்னர் வந்தது. தீக்குச்சி கிழிப்பதற்கும், கடிகாரம் மணியடிப்பதற்கும், பேரம் முடிப்பதற்கும் ஆங்கிலேயர் இதையே பிரயோகிக்கின்றனர். கப்பற்காரர் பாயைக் கீழே இறக்குவதற்கும் இதுவே பெயர். 1768-இல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலித் தகராறில் பாய்களை இறக்கி, கப்பல்களை நகரவொட்டாமல் செய்தனர். வேலையை விட்டு நிற்றல் என்ற பொருள் அதிலிருந்தே பிறந்தது என்பர் அகராதிக்காரர். ஆகவே, அது கையை ஓங்கியதால் வந்த பொருளன்று. பாயை இறக்கியதால் வந்தது.

பிற மொழிகளையும் நோக்குவோம். பிரெஞ்சுக்காரர் ‘கிரேவ்’ என்பர். அது பாரிஸில் ஸீன் நதிக்கரையில், வேலையற்றோர் கூடிய திடலின் பெயர். வடநாட்டு ‘ஹர்த்தால்’ கடைக்குப் பூட்டிடுவதைக் குறிக்கும். நம் ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல்லிலோ அடியும் இல்லை, பூட்டும் இல்லை. நிறுத்துதல் ஒன்றே உண்டு.

சொல் இவ்வளவு சாந்தமாயிருக்க, செயல் எவ்வாறு இருந்தது? பி. பி. வாடியா தலைமையில் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. திரு. வி. கலியாணசுந்தரனார் அதில் முன்னின்று உழைத்தார். 1921-இல் அவ்வாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டு, மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். பகை முற்றிப் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் எரிந்தன. போலீஸாரின் துப்பாக்கிக்கும் உயிர்கள் பலியாயின. முடிவில் வேலைநிறுத்தமும் தோற்றது.

முதலாளிக்கு எதிராக எழுந்த சொல், அண்டை வீட்டுக்காரன் கூரைமேல் ‘அடி’யாக விழுந்தது. திரும்பிச் சென்றவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால், கூட உட்கார்ந்து உண்ண இடங்கொடாத சமூகம், கூடப் பட்டினி கிடக்க மட்டும் அழைத்தால் யார்தான் வருவார்? பாயை இறக்க வேண்டுமாயின் கப்பலில் உள்ள கைகளெல்லாம் ஒன்றுசேர வேண்டும். அந்த மாலுமிகள் அறிந்த விஷயம் இது.

1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கங்களுக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் சமத்துவத்தைச் சட்டத்திடம் மட்டும் ஒப்படைத்துவிட இயலாது. பிள்ளைகளுக்கு இவ்வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர், அகராதிப் பொருளோடு புளியந்தோப்பின் கதையையும் சேர்த்துச் சொல்வார்களாக.