தில்லை, பாதிரி பேர் மட்டும்தான் மிச்சமா? மொட்டைமாடியில் கள்ளியும் மூலிகையும் வளர்ப்பவர்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி!

கடலூரின் பழைய பகுதிக்குப் பெயர் திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. இரண்டுமே மரத்தின் பெயர்கள். பாதிரி மரம் பாடலீஸ்வரர் கோயிலின் தல விருட்சம். தில்லை மரம் நடராஜர் கோயிலின் தல விருட்சம். ஆனால் இந்த இரண்டு ஊர்லயும் பத்து பேரை நிறுத்தி "பாதிரி எப்படி இருக்கும், தில்லை எப்படி இருக்கும்?"னு கேட்டால், எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?

அதே நேரத்தில் இன்னொரு பக்கம், மொட்டைமாடிகளில் வேறு ஒரு தோட்டம் வளர்ந்துகொண்டிருக்கிறது. சிவப்புத் தலை வைத்த குட்டிக் கள்ளி, டிராகன் ஃப்ரூட், கற்றாழை வகைகள், பிரண்டை, நன்னாரி, ஆடாதோடை. ஒருவர் கிளை ஒடித்துக் கொடுக்க, இன்னொருவர் விதை கொடுக்க, கைமாறிக்கொண்டே இருக்கின்றன செடிகள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ, கூரியரில் பார்சல் என்று ஆளே பார்க்காமலும் பகிர்வு நடக்கிறது.

நல்ல பழக்கம்தான். ஆனால் எந்தச் செடியைப் பகிரலாம்? எதை வளர்த்தால் சட்டச் சிக்கல்? எது விஷம்? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

கள்ளி எல்லாம் கள்ளி இல்லை!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் முள் இருந்தால், சதைப்பற்று இருந்தால், பால் வடிந்தால் கள்ளி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் தாவரவியல் கணக்கில் இதில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் இருக்கின்றன.

சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல், பார்வைக்கே பாதிப்பு வரலாம்.

சப்பாத்திக்கள்ளியும் டிராகன் ஃப்ரூட்டும் கடையில் விற்கும் உருண்டைக் கள்ளிகளும்தான் உண்மையான கேக்டஸ் குடும்பம். இவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அதாவது ஊர் வேலியில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் சப்பாத்திக்கள்ளியும் கப்பல் ஏறி வந்த விருந்தாளிதான்.

சப்பாத்திக்கள்ளி தமிழ்நாட்டுக்கு வந்த கதை

செடியைக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய விஷயமாக மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1780களில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சிவப்புச் சாயம் தரும் காச்சினீல் பூச்சியை இங்கேயே வளர்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். அந்தப் பூச்சிக்குச் சாப்பாடு கள்ளிச்செடி. அதற்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார்.

1795இல் பிரேசிலில் இருந்து பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் அது நல்ல சாயம் தரும் பூச்சியே இல்லை, வேறு இனம்! சாயத் தொழில் படுத்துவிட்டது. வந்த பூச்சி மட்டும் ஒரு வகைக் கள்ளியைத் தின்று அழித்தது.

அதன் பிறகு தென்னிந்தியாவில் இன்னொரு வகை சப்பாத்திக்கள்ளி கட்டுக்கடங்காமல் பரவியது. மேய்ச்சல் நிலம், தரிசு என எல்லா இடமும் முள். கடைசியில் 1926இல் இலங்கையில் இருந்து இன்னொரு காச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்தப் பரவல் அடங்கியது. பூச்சியை வைத்துக் களையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு உலக அளவில் சொல்லப்படும் ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று.

எல்லா வெளிநாட்டுச் செடியும் வில்லன் இல்லை. பண்ருட்டிப் பக்கம் குடும்பங்களுக்குச் சோறு போடும் முந்திரியும் போர்ச்சுகீசியர்கள் வழியாகப் பிரேசிலில் இருந்து வந்ததுதான். ஆனால் அதே அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த சீமைக்கருவேலத்தை அகற்றத் தமிழ்நாடு இன்றைக்கும் போராடிக்கொண்டிருக்கிறது. எது முந்திரி ஆகும், எது சீமைக்கருவேலம் ஆகும் என்று நடும்போது யாருக்கும் தெரியாது. அதனால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

ஒரு செடிக்குப் பின்னால் ஒரு காடு

இப்போது உலக நிலவரத்தைப் பார்ப்போம். 2015இல் வெளியான சர்வதேச ஆய்வு, 1,478 கள்ளி இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. விவசாயம், கால்நடை, கட்டுமானம் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது: சேகரிப்பாளர்களுக்காகக் காட்டில் இருந்து தோண்டி எடுப்பது.

2020இல் இத்தாலியில் ஒரு வீட்டில் நடந்த சோதனையில், சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் இருந்து திருடப்பட்ட அரிய கள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் சிக்கின. 2021இல் நூற்றுக்கணக்கான செடிகள் சிலிக்கே திருப்பி அனுப்பப்பட்டன. பல கள்ளிகள் மிக மெதுவாக வளர்பவை. கையளவு இருக்கும் செடிக்கே பல பத்தாண்டு வயது இருக்கும். தோண்டி எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்று வர ஒரு மனித ஆயுள் ஆகலாம்.

"அது அட்டகாமா, நமக்கென்ன?" என்று விட்டுவிட முடியாது. இங்கேயும் இதே கதைதான். ஊறுகாய்க்குப் போகும் மாகாளிக் கிழங்கு, சர்பத்துக்குப் போகும் நன்னாரி வேர், தசமூலத்துக்குப் போகும் பாதிரி வேர் என எல்லாமே வேர் வியாபாரம். இலையைப் பறித்தால் செடி திரும்பத் துளிர்க்கும். வேரையே எடுத்தால்? கதை முடிந்தது.

கள்ளிமுளையான் என்று ஒரு குட்டிச் சதைப்பற்றுச் செடி உண்டு. தரிசு நிலத்தில் ஆடு மேய்ப்பவர்கள் பசிக்குப் பிடுங்கிச் சாப்பிடுவார்கள், துவையலும் அரைப்பார்கள். பசியை அடக்கும் செடி என்ற அந்த நாட்டு அறிவுதான் பிறகு எடைக் குறைப்பு மாத்திரையாகப் பாட்டிலில் ஏறி வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலரும் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

* காட்டுச் செடி: காப்புக்காட்டில் இருந்து செடியோ, விதையோ, வேரோ அனுமதி இல்லாமல் எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன்படி குற்றம். "ஒரே ஒரு கன்றுதானே சார்" என்பது பதில் ஆகாது.

* பாதுகாக்கப்பட்ட செடிகள்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பெயரில் மட்டும்தான் விலங்குக்கானது. குடுவைத் தாவரம், பெட்டோம் சைகஸ் எனும் அரிய ஈந்து வகை, சில ஆர்கிட்கள் போன்றவையும் அதன் பட்டியலில் உண்டு. இவற்றை உரிமம் இல்லாமல் வளர்க்கவோ விற்கவோ முடியாது.

* கள்ளிகள்: அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1976இல் சேர்ந்தது. அதில் கேக்டஸ் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதுமாக இருக்கிறது. நர்சரியில் ஒட்டுக்கட்டி விற்கும் சிவப்பு, மஞ்சள் தலைக் கள்ளிக்கு விலக்கு உண்டு. ஆனால் ஏரியோகார்பஸ், ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியஸ் போன்றவை உச்சபட்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் திருத்தச் சட்டப்படி, இந்த முதல் பட்டியல் செடிகளைப் பெருக்கம் செய்பவர்கள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

* வெளிநாட்டுப் பார்சல்: ஆன்லைனில் 200 ரூபாய்க்கு "அரிய விதை" என்று வருவதை ஆர்டர் போடும் முன் யோசியுங்கள். தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை 2003இன்படி, விதை, செடி இறக்குமதிக்கு அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 2020இல் ஆர்டரே போடாத விதைப் பார்சல்கள் பல நாட்டு வீடுகளுக்கு வந்தபோது, மத்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விடுத்தது. விதையோடு நோயும் பூச்சியும் வரலாம் என்பதுதான் காரணம்.

* போதைச் செடிகள்: கசகசாச் செடியையும் கஞ்சாவையும் உரிமம் இல்லாமல் வளர்ப்பது போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இன்படி குற்றம். "பூ அழகா இருக்கு, சும்மா தொட்டியில வச்சேன்" என்றாலும் குற்றமே. பெயோட்டே, சான் பெட்ரோ போன்ற சில அமெரிக்கக் கள்ளிகளில் மெஸ்கலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது இதே சட்டத்தின் தடைப் பட்டியலில் உள்ளது. "அரிய மூலிகைக் கள்ளி" என்று யாராவது விற்றால் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவதே நல்லது.

பயப்பட வேண்டாம். பிரண்டை, துளசி, கற்றாழை, ஆடாதோடை, தூதுவளை எல்லாம் வீட்டில் வளர்க்கவோ அக்கம்பக்கத்தில் கொடுக்கவோ தடை இல்லை.

மூலிகைன்னா பாதுகாப்பானதா?

இல்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் உள்ளது. மருந்து கம்பெனிகள் அதற்காகத்தான் விதையை வாங்குகின்றன. ஆனால் கிழங்கைத் தெரியாமல் சாப்பிட்டால் உயிரே போகலாம். குன்றிமணி விதை, ஊமத்தை, அரளி எல்லாமே இதே ரகம்தான்.

தில்லை மரமும் அப்படித்தான். அதன் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வை மறையலாம். ஆங்கிலத்தில் அதற்குக் 'கண்ணைக் குருடாக்கும் மரம்' என்றே பெயர். தல விருட்சம் என்ற பாசத்தில் குழந்தைகள் விளையாடும் வாசலில் நட்டுவிடக் கூடாது.

செடி கொடுக்கும்போது பேரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது இதனால்தான். ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு செடி இருக்கும். பெயர், எங்கிருந்து வந்தது, எந்தப் பாகம் விஷம் என மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் செருகுங்கள். கஷாயம் வைப்பது பற்றி மட்டும் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கடலூர் மழையில் கள்ளி ஏன் அழுகுது?

கடலூர் மாவட்டத்துக்கு மழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தானே புயல் 2011 டிசம்பர் 30இல் வந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் கடைசியில் வந்தது. கள்ளி வளர்ப்பவர்களுக்கு ஆண்டுத் தேர்வு இந்த மூன்று மாதம்தான்.

* சிதம்பரம் பக்கம் டெல்டா களிமண். தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதைத் தொட்டியில் அப்படியே போட்டால் வேர் அழுகும். பாதிக்குப் பாதி ஆற்றுமணலும் உடைத்த செங்கல் துண்டும் கலக்க வேண்டும். கடற்கரை மணல் கூடாது, உப்பு.
* மழைக்காலத்தில் சன்ஷேடு அடியில் நகர்த்துங்கள். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள்.
* கள்ளிக் கிளையை வெட்டியதும் நடக் கூடாது. நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, வெட்டுவாய் ஆறிய பிறகு நட வேண்டும்.
* பிரண்டைக்கு இந்தக் கவலை குறைவு. ஒரு கணு இருந்தால் போதும், பிடித்துக்கொள்ளும்.

பகிர்ந்தால் காடு பிழைக்குமா?

பிழைக்கும், ஒரு நிபந்தனையோடு. கிளையாகவும் விதையாகவும் பகிர்ந்தால் செடி பெருகும். காட்டில் தோண்டிப் பகிர்ந்தால் குறையும்.

பிச்சாவரத்தைப் பாருங்கள். தில்லை மரம் இன்றைக்கும் வளரும் சதுப்புக்காடு அது. அங்கே அழிந்த பகுதிகளை மீட்க, 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி அலையாத்தி நட்டார்கள். 2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. நட்டு வளர்த்தால் காடு திரும்பும் என்பதற்கு உள்ளூர் சாட்சி இது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுப்பட்டு அய்யனார் கோயில் காடு போல, இந்தக் கடலோரத்தின் பழைய காடு துண்டு துண்டாகத் தப்பி நிற்பதும் ஊர்க்காரர்கள் கிளை ஒடிக்காமல் விட்டதால்தான். ஆரோவில் பிச்சாண்டிக்குளத்தில் இந்த மண்ணுக்குரிய மூலிகைகளைக் கொண்டே காடு வளர்த்திருக்கிறார்கள்.

செடியை மட்டும் காப்பாற்றினால் போதாது, அதைப் பற்றிய அறிவும் வேண்டும். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002இன்படி, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். ஊரில் என்ன செடி இருக்கிறது, யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். உங்கள் பாட்டிக்கும், ஊரில் இருக்கும் இருளர் பெரியவருக்கும் தெரிந்தது அதில் ஏறாவிட்டால், அவர்களோடு போய்விடும். உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ அந்தப் பதிவேடு எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, செடி வாங்கும்போதும் வாங்கிக்கொள்ளும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இது எங்கிருந்து வந்தது?" "எங்க வீட்டுச் செடியில இருந்து ஒடிச்சது", "நான் விதை போட்டு வளர்த்தது" என்று பதில் வந்தால் தாராளமாகக் கை நீட்டலாம். "மலையில இருந்து எடுத்துட்டு வந்தது" என்று வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.