வேர்தானே, என்ன பண்ணிடும்?

ஆனையூரில் ஏறிப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் எந்த வியாதிக்கும் மூன்று வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும். கண்டக்டர் பாக்கிச் சில்லறை தரமாட்டார், வைத்தியம் தருவார். மூட்டுவலிக்கு முடக்கத்தான், சளிக்குத் தூதுவளை, சர்க்கரைக்கு ஆவாரம்பூ. இந்தப் பட்டியலில் இப்போது 'படபடப்பு'ம் சேர்ந்துவிட்டது. மார்ச் மாதக் கணக்கு, வீட்டுக் கடன் தவணை, மானேஜரின் முகம்... ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. பின்சீட்டு அண்ணனின் தீர்ப்பு ரெடி: "அமுக்கராப் பொடியப் பால்ல கலந்து குடிங்க தம்பி. வேர்தானே... சைடு எஃபெக்ட்டே கிடையாது!"

அந்தத் தம்பியின் சட்டைப்பையில் டாக்டர் எழுதிக் கொடுத்த க்ளோனசெபாம் இருப்பது அண்ணனுக்குத் தெரியாது. தம்பி சொல்லவும் மாட்டார். நம் ஊரில் மூலம் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மூச்சு விடமாட்டார்கள். ஆக, மாத்திரை அண்ணனுக்குத் தெரியாது, பொடி டாக்டருக்குத் தெரியாது, இரண்டுமே வீட்டில் தெரியாது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் தம்பியின் கல்லீரல். அதற்கு வாய் கிடையாது.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, வேலை செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவுகிறது என்று சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. அதன் தாவரவியல் பெயரே 'விதானியா சோம்னிஃபெரா'. சோம்னிஃபெரா என்றால் லத்தீனில் தூக்கம் தருவது. வேலை செய்கிறதே, அதுதான் சிக்கல்! க்ளோனசெபாமும் தூங்க வைக்கும், இதுவும் தூங்க வைக்கும். இரண்டும் ஒரே ராத்திரியில் கூட்டணி வைத்தால், காலையில் பாத்திமா காலேஜ் தாண்டி டூவீலரில் போகும்போது கண் சொக்கும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டும் எதிர்பாராமல் இறங்கலாம். தைராய்டு கதை இன்னும் வேடிக்கை. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். தைராய்டு கூடினால் வருவது என்ன? படபடப்பு!

'நம்ம மூலிகை' என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. சர்ப்பகந்தா வேரை மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கலாம் என்று 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளத்து டாக்டர்கள் எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல், ரத்தக் கொதிப்புக்கு அது உதவுவதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுத, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தது. 1954-ல் அமெரிக்க மனநல ஆஸ்பத்திரிகளில் அது பெரிய பரபரப்பு. நம் வேருக்கு உலகப் புகழ்! கொஞ்ச நாளில் இன்னொரு செய்தியும் வந்தது. அதைச் சாப்பிட்ட சிலர் கடும் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று. மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் ரசாயனங்களின் இருப்பை அந்தச் சத்து காலி செய்கிறது. மண்ணில் முளைத்த வேர்தான் சார் அதுவும்.

கல்லீரலை ஓர் அரசு ஆபீஸ் செக்‌ஷன் கிளார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் விழுங்கும் ஒவ்வொரு மருந்தும் ஒரு ஃபைல். இத்தனை மணி நேரத்தில் பைசல் ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் டாக்டர் அளவு எழுதுகிறார். சில மூலிகைகள் கிளார்க்கை முடுக்கிவிடும். ஆன்லைனில் 'மனசுக்கு நல்லது' என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் அந்த ரகம். ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக்கில், மாற்று இதயம் பொருத்திய இரண்டு பேர் அதைச் சாப்பிட்டார்கள். புது இதயத்தை உடம்பு நிராகரிக்காமல் காக்கிற சைக்ளோஸ்போரின் மருந்து மளமளவென்று பைசலாகி, உடம்பு அந்த இதயத்தையே எதிர்க்க ஆரம்பித்துவிட்டது. மூலிகையை நிறுத்தியதும் மருந்தின் அளவு பழையபடி ஏறியது. அதே மூலிகையை எஸ்சிடலோபிராம் மாதிரி மாத்திரைகளோடு சேர்த்தால், செரடோனின் எக்கச்சக்கமாகி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆஸ்பத்திரி வரை போகும்.

வேறு சில மூலிகைகள் கிளார்க்கை லீவில் அனுப்பும். நம் மிளகே அப்படி. மிளகின் காரச் சத்தான பைபரினைத் தினம் கொடுத்துப் பார்த்தபோது, ப்ராப்ரனலால் ரத்தத்தில் வழக்கத்தைவிட அதிகம் ஏறியது என்று 1991-ல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். படபடப்புக்கு டாக்டர்கள் எழுதும் அதே ப்ராப்ரனலால்தான். உடனே வீட்டில் போய் ரசத்தைக் கொட்டிவிடாதீர்கள், அடி உங்களுக்குத்தான் விழும். நான் சொல்வது காப்ஸ்யூலில் அடைத்த பைபரினையும் திரிகடுகம் தூக்கலாகச் சேர்த்த பொடிகளையும்.

சில சமயம் கிளார்க்கே படுத்துவிடுகிறார். அஸ்வகந்தா சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்த ஐந்து பேரைப் பற்றி 2020-ல் ஐஸ்லாந்து, அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள், அவர்கள் தேறிவிட்டார்கள். 2023-ல் நம் நாட்டு டாக்டர்கள் எழுதியதில், ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்த சிலர் தேறவில்லை. சாப்பிடுகிறவர்களில் இது அபூர்வம்தான். ஆனால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் 'பார்ட்டி' வைக்கிற நண்பர்கள் அந்த அபூர்வத்தை நம்பி இருக்க வேண்டாம்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது தனிப் புராணம். அமெரிக்காவில் 'சுத்த மூலிகை' என்று விற்ற ஸ்பெஸ் என்ற காப்ஸ்யூலில் அல்ப்ரசோலம் கலந்திருப்பதை 2002-ல் கலிஃபோர்னியா அரசு கண்டுபிடித்தது. வாங்கியவர்கள் மூலிகையின் மகிமை என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். லேபிளும் லைசென்ஸ் நம்பரும் இல்லாத பொடி 'ஒரே ராத்திரியில் கேட்டது' என்றால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது.

இத்தனையிலும் பெரிய ஆபத்து என்று நான் நினைப்பது பொடியே இல்லை. பொடி வாங்கிய ஜோரில் மாத்திரையைக் குப்பையில் போடுவது! மாதக்கணக்கில் சாப்பிட்ட அல்ப்ரசோலத்தையோ க்ளோனசெபாமையோ திடீரென்று நிறுத்தினால் பழைய பயம் இரண்டு மடங்காகத் திரும்பும், தூக்கம் அறவே போகும், சிலருக்கு வலிப்பே வரும். எஸ்சிடலோபிராமை அப்படி நிறுத்தினால் தலைசுற்றலும், மண்டைக்குள் கரெண்ட் பாய்கிற மாதிரி உணர்வும் வரலாம். அந்த நேரத்தில் பின்சீட்டு அண்ணன், "விஷம் வெளியேறுது தம்பி, பயப்படாதீங்க" என்பார். மாத்திரை வேண்டாமென்றால் விடலாம்; வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, எழுதிக் கொடுத்தவரே குறைத்துக் கொடுப்பார்.

சித்த வைத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். அவர்களிடமும் மாத்திரைச் சீட்டைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடம்பு காரணமில்லாமல் அரித்தாலோ பொடியை அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆபரேஷன் தேதி குறித்திருந்தால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு இரண்டு வாரம் முன்பே தெரிய வேண்டும். முகம் காட்டிப் பேச வெட்கமா? 14416-க்கு ராத்திரி இரண்டு மணிக்கும் போன் போடலாம். மத்திய அரசின் டெலி மானஸ் அது; தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

டாக்டரிடம் போகும்போது பொடி டப்பாவையே பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்கும்போது, "ராத்திரி ரெண்டு இட்லி சார்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவர் கேட்டது இட்லியை இல்லை.