சோளகக் காற்றும் காணிப் பத்திரமும்

நாயாற்றில் சோளகம் வைகாசியில் கிளம்பினால் ஆவணி முடியும்வரை ஓய்வதில்லை. சிறுபோக நெல்லைத் தூற்ற உதவும் காற்று என்றும், கடலுக்குப் போனவரைக் கரையைவிட்டு அப்பால் தள்ளும் காற்று என்றுமே நாம் அதை அறிந்திருந்தோம். அதே காற்றைத் தேடி இன்று வெளிநாட்டவர் கற்பிட்டிக் களப்புக்கும் மன்னார்த் தீவுக்கும் வருகின்றனர். பெரிய பட்டமொன்றை இடுப்பில் பிணைத்துக்கொண்டு, பலகையில் நின்றபடி நீரின்மேல் ஓடுகின்றனர். கிழக்கே, பொத்துவிலுக்கு அண்மையில் உள்ள அறுகம்பையில் சித்திரை முதல் ஐப்பசி வரை அலைமீது சறுக்குகின்றனர்.

இந்த விளையாட்டில் பாவம் எதுவுமில்லை. அறுகம்பையில் உள்ளூர் இளைஞர் பலர் அலைச்சறுக்குப் பயிற்றுநர்களாகிப் பிழைக்கின்றனர். 2018 இல் அங்கு பெண்களுக்கென ஒரு கழகமே தொடங்கப்பட்டது. வேலையின்றி வெளிநாடு போக வழி தேடும் நம் பிள்ளைகளிடம் இதெல்லாம் நமக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அறுகம்பைக்குத் தெற்கே சில மைல் போனால் பானமை. அந்தக் கரையிலுள்ள அலைமுனை ஒன்றுக்கு வெளிநாட்டவர் இட்ட பெயர் ‘பீநட் பாம்’, அதாவது கச்சான் தோட்டம். யாருடைய கச்சான் என்று கேட்பாரில்லை! பானமையின் ராகம்வெல, சாஸ்திரவெல பகுதிகளில் சேனையும் வயலும் செய்து வாழ்ந்த குடும்பங்களை, 2010 யூலை 17 இரவு ஆயுதமேந்திய முகமூடிக் கும்பலொன்று குடிசைகளை எரித்து விரட்டியது. பின்னர் படையினர் அக்காணிகளை வேலியிட்டனர்; கடற்படையின் விடுதி எழுந்தது. 350 குடும்பங்கள் நிலமிழந்தன. அவர்களில் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அழகான கரை யாருக்காவது தேவைப்பட்டால், அங்கிருக்கும் ஏழை எந்த மொழி பேசுகிறான் என்று பார்ப்பதில்லை. 2015 பெப்ரவரியில் அமைச்சரவை 340 ஏக்கரை விடுவிக்கத் தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்ததால், 2016 மார்ச்சில் மக்கள் தாமாகவே ராகம்வெலவுக்குள் நுழைந்து கொட்டில் போட்டனர்.

ஆகாபு அரசன் நாபோத்தின் தோட்டத்தைக் கேட்டதும் கீரை பயிரிடத்தான். அரண்மனைக்குப் பக்கத்தில் வசதியாக இருந்தது. விலையும் தருவதாகச் சொன்னான்.

நாயாற்றுக்கு இது எப்படிப் பொருந்தும்? பட்ட விளையாட்டுக்குச் சீரான காற்றும், ஆழமில்லாத அமைதியான நீரும், பட்டத்தை விரிக்க வெட்டவெளியும் வேண்டும். நமது கரையில் சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கடலில் விளையாடுவது ஆபத்தானது, இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே கண் விழுவது களப்பின்மேல். களப்பிலோ இரால் பிடிப்பவர் வலை போடுகின்றனர். இருபது மீற்றருக்கு மேல் நீளும் பட்டக் கயிறும் வலைத்தடியும் ஒரே நீரில் ஒத்துப்போகா. களப்பைச் சூழவுள்ள வெளியும் வயலும் உங்களில் பலருடையவை.

அந்த ‘உங்களுடையவை’ என்பதற்குத்தான் ஆதாரம் தேவைப்படுகிறது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசம்பரில் வெளியேற்றப்பட்டவர்கள். 2009 இன் பின் திரும்பியபோது, வயல்களில் ஒரு பகுதி மகாவலி அதிகாரசபையின் வழியாகப் பிறர் கைக்குப் போயிருந்தது. 2017 இல் நாயாற்றுக் களப்பு இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்கு நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் கோடு இழுப்பவருக்கு, இருபத்தைந்து ஆண்டு உழப்படாத வயல் வெறும் பற்றைக்காடாகவே தெரியும். இந்த நிலையில் சுற்றுலாத் திட்டமும் வந்து சேர்ந்தால், காணிக்காரன் நாலாவது வரிசையில்தான் நிற்பான். முதலில் காணிப் பிணக்குகள் தீர வேண்டும். விடுதிகளைப் பற்றி அதன் பிறகு பேசலாம். இந்த ஒழுங்கு மாறினால் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது, தகப்பனின் காணியில் அறை கூட்டும் வேலை.

உங்களில் அநேகரிடம் இருப்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். இக்காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. முகவர் ஒருவர் முத்திரைத் தாளில் எழுதி முற்பணம் தந்தாலும் அது செல்லாது. நிபந்தனையை மீறியதாக உங்கள் பத்திரமே இரத்தாகலாம். பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயருக்குரியவர் இறந்திருந்தால் பின்னுரித்தை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். போரில் கணவரை இழந்த பெண்கள் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும். கடலோரத்தில் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றருக்குள் எவர் விடுதி கட்டுவதானாலும், 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. அதைக் காட்டும்படி கேட்க உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் தயங்க வேண்டியதில்லை. அற்றோணித் தத்துவம் எழுதித் தரும்படி யாராவது கேட்டால், கையொப்பமிடுமுன் பிரதியொன்றை வாங்கிச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் காட்டுங்கள்.