மைதானமும் கணக்கில் வரவேண்டும்: நகர மீளுருவாக்கமும் உதைபந்தாட்டக் கழகங்களும் குறித்த எமது நிலைப்பாடு

ஒரு நகரத்தையோ குடியிருப்பையோ புதுப்பிக்க முன்வரும் எந்தத் திட்டமும், அங்குள்ள விளையாட்டு மைதானத்தையும் அதில் ஆடும் கழகத்தையும் பாதிக்கப்படும் தரப்பாகப் பதிந்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும். மாற்று மைதானத்தில் ஆட்டம் தொடங்கும்வரை பழைய மைதானத்தில் அத்திவாரம் வெட்டக்கூடாது. கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டையில் இயங்கும் எமது விளையாட்டு அமைப்பின் நிலைப்பாடு இதுதான். அபிவிருத்திக்கு நாம் எதிரிகள் அல்லர். தேயிலைத் தோட்ட லயன் அறைகளில் இன்னமும் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் பிரதேசத்தில் வீடு வேண்டாம், வீதி வேண்டாம் என்று யார்தான் சொல்வார்? ஆனால் கொழும்பில் நடந்ததைப் பார்த்த எவரும் மைதானத்தின் கதியைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது.

2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன்பின் கொழும்பில் வந்த நகர மீளுருவாக்கத் திட்டம், வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்வதாகக் கணக்கிடப்பட்ட ஏறத்தாழ 68,000 குடும்பங்களை மாடிவீடுகளுக்கு மாற்றி, விடுபடும் நிலத்தை வணிகத்துக்குத் திறந்துவிட எண்ணியது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 இல் வெளியிட்ட அறிக்கைகள், சுமார் 400 சதுர அடி வீட்டுக்குக் குடும்பமொன்று பத்து இலட்சம் ரூபாய்வரை தவணை முறையில் கட்ட வேண்டியிருந்ததை விவரித்தன. கொம்பனித்தெருவின் ஜாவா லேன் மக்களும் அக்காலத்தில் தனியார் முதலீட்டுத் திட்டமொன்றுக்காக வெளியேற்றப்பட்டார்கள். அதே பகுதியில் புதிய வீடு கிடைக்கும், அதுவரை வாடகைப் பணம் தரப்படும் என்பது ஏற்பாடு. இலங்கையில் உதைபந்தாட்டம் பார்ப்பவர்களுக்கு ஜாவா லேன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு கழகம். நாட்டின் உயர்மட்டப் போட்டிகளில் ஆடிய ஜாவா லேன் விளையாட்டுக் கழகத்தின் பெயரே ஒரு சந்தின் பெயர்தான். வாடகைப் பணத்தை வாங்கிய குடும்பம் வாடகை மலிந்த இடத்துக்குத்தான் போகும். பக்கத்து வீட்டுக்காரர் போன இடத்துக்கே போகும் என்று சொல்ல முடியாது. குடும்பத்துக்குக் குடும்பம் நட்டஈடு சரியாகவே கிடைத்தாலும், மாலை ஐந்து மணிக்கு ஒரே சந்திலிருந்து இறங்கிவரும் பதினொரு பேரை அந்தப் பணம் ஒன்றுசேர்க்காது.

கழகம் இப்படிக் கணக்கில் விடுபடுவதற்கு அதிகாரிகளின் கெட்ட எண்ணம்தான் காரணம் என்று நாம் கருதவில்லை. கணக்கெடுக்கும் முறையிலேயே குறை இருக்கிறது. இடம்பெயர்வோர் பட்டியலில் வீட்டுக்கு உறுதி, வரி இலக்கம், மின்சாரப் பட்டியல் என்று ஏதாவது ஓர் ஆதாரம் காட்ட முடியும். கழகத்திடம் என்ன இருக்கிறது? செயலாளர் வீட்டுக் கட்டிலின் கீழே ஒரு ஜேர்சி மூட்டை, இரண்டு வலைகள், கோடு போட அரைப்பை சுண்ணாம்பு. மைதானமோ உள்ளூராட்சி சபையுடையது, பாடசாலையுடையது, அல்லது தோட்டத்துடையது. பல ஆண்டுகளாகப் புல் வெட்டியவர்களுக்கும் வடிகால் தோண்டியவர்களுக்கும் அதில் எழுத்து மூலமான உரிமை எதுவும் இல்லை. காகிதத்தில் இல்லாதது இழப்பாகவும் எழுதப்படுவதில்லை.

மலைநாட்டில் இந்த இழப்பு கொழும்பைவிடக் கடுமையானது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை எமக்கு மிக அருகில்தான் இருக்கிறது. அன்று முதல் இங்குள்ள சரிவெல்லாம் தேயிலைக்கும் சமதரையெல்லாம் தொழிற்சாலைக்கும் வீதிக்கும் கடைகளுக்கும் என்று பிரிந்துபோயிற்று. மீந்த சமதரையில்தான் எமது பிள்ளைகள் ஆடுகிறார்கள். கீழ்ப்பக்கக் கோட்டைத் தாண்டிய பந்து தேயிலைக்குள் உருண்டால், அதை எடுத்துவர ஒருவர் இறங்கி ஏறும்வரை ஆட்டம் நிற்கும். 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்ட முழு அளவு மைதானத்துக்கு ஏறத்தாழ 282 பேர்ச்சஸ் சமநிலம் வேண்டும். இப்படி ஒன்றை இழந்தால் இன்னொன்றை மலையை வெட்டித்தான் உண்டாக்க வேண்டும். வாய்ப்பிருந்தால் இங்கிருந்தும் அணிகள் எழும் என்பதற்கு, 2021 இல் பத்துக் கழகங்களுடன் தொடங்கிய சுப்பர் லீக்கில் இதே கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டியிலிருந்து ஆடிய அப் கன்ட்ரி லயன்ஸ் சாட்சி.

எமக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் கனமானது வீட்டு வாதம். தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்பது வழக்கமாக இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு மைதானம் நாற்பது வீட்டுக்குச் சமம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தில் பறித்த உயிர்களுக்குப் பிறகு, நாற்பது குடும்பங்களின் பாதுகாப்பைவிடப் பந்தாட்டம் பெரிதா என்று கேட்பவரிடம் கோபப்பட முடியாது. பெரிதல்ல. அனர்த்த வேளையில் கூடாரம் அடிக்கவும் நிவாரண லொறி நிறுத்தவும் மைதானத்தைத் திறந்துவிடுவதே முறை. ஆனால் அதே இடத்தில் நிரந்தர வீடுகளைக் கட்டிவிட்டால் அடுத்த அனர்த்தத்தின்போது மக்கள் கூடுவதற்கு எந்தத் திறந்தவெளி மிஞ்சும்? அதோடு, பாதுகாப்பான காணி தோட்டங்களுக்குள் இல்லாமல் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையோடு அதை விடுவிக்கப் பேச்சுவார்த்தையும் குத்தகைத் திருத்தமும் வேண்டும். அதற்கு நாளெடுக்கும், எதிர்ப்பு வரும். மைதானத்தை எடுப்பதற்கு எவரிடமும் வாய்திறக்க வேண்டியதில்லை. வீடா மைதானமா என்ற கேள்வி பல இடங்களில் எழுவது நிலம் இல்லாததால் அல்ல, எளிதில் எடுக்கக்கூடிய நிலம் அதுவாக இருப்பதால்.

கட்டடத்தோடு உள்ளரங்கு ஒன்றும் தருகிறோமே என்பது மற்றொரு வாதம். 40 க்கு 20 மீற்றர் புட்சால் தளம் சுமார் 32 பேர்ச்சஸில் அடங்கிவிடும். அது நல்ல விளையாட்டுத்தான். ஆனால் லீக் போட்டிக்குப் போகும் கழகம் அதில் பயிற்சி பெற முடியாது, மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் தோட்டத்துப் பிள்ளை அந்தப் பக்கமே போகாது. கழகம் வேறிடம் போகட்டும் என்பவர்களுக்கு இங்கிலாந்தின் விம்பிள்டன் கதை போதும். 1991 இல் பிளவ் லேன் என்ற சொந்த மைதானத்தைவிட்டு வெளியேறிய கழகம் 2003 இல் மில்டன் கீன்ஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரார் 2002 இல் புதிதாக அமைத்த ஏஎப்சி விம்பிள்டன் பிளவ் லேனுக்குத் திரும்பியது 2020 நவம்பரில். பணமும் ஆதரவாளர்களும் நிறைந்த நாட்டிலேயே 29 ஆண்டுகள். விளையாட்டு நிலத்தைப் பாதிக்கும் திட்டங்களுக்கு ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பின் கருத்தைச் சட்டப்படி கேட்கும் நடைமுறை அங்கே இருப்பதில் வியப்பில்லை. ஈடான மாற்று நிலம் இல்லாவிட்டால் அந்த அமைப்பு எதிர்ப்பதே வழக்கம்.

எனவே தெல்தோட்டைப் பிரதேச செயலகத்திடமும் உள்ளூராட்சி சபையிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் நாம் கேட்பது இது. பிரதேசத்தில் உள்ள ஒவ்வொரு மைதானத்தையும் அளந்து, எல்லையிட்டு, யாருடைய நிலம், எந்தக் கழகங்கள் ஆடுகின்றன என்ற விவரத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் பார்வைக்கு வையுங்கள். நிலத்தை எடுக்கத்தான் வேண்டுமென்றால், பிள்ளைகள் நடந்து போகக்கூடிய தூரத்தில் அதே அளவு மாற்று நிலத்தை முதலில் காட்டுங்கள். கண்டி நகரத் திட்டங்களிலும் போகம்பரை போன்ற பொது மைதானங்களுக்கு இதே விதி பொருந்த வேண்டும். கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பதிவைப் புதுப்பியுங்கள், கூட்டக் குறிப்புகளையும் மைதானத்துக்குச் செலவிட்ட பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். அளவைக்காரர் வரும் நாளில் காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.