மாட்டுக்குச் சோறு கொட்டுவது புண்ணியமா?

அமாவாசை, மாட்டுப் பொங்கல், கல்யாண வீடு என்று எது வந்தாலும் மிச்சச் சோற்றையும் சர்க்கரைப் பொங்கலையும் பக்கெட்டோடு மாட்டுக்குக் கொட்டிவிட்டு, தொட்டுக் கும்பிட்டுப் போகிறீர்கள். கேட்டால் "நாம சாப்பிடறதுதானே சார்" என்கிறீர்கள். நாம சாப்பிடறதுதான். பிரச்சினையே அதுதான்.

மாடு தின்பதை முதலில் தின்பது அதன் பெருவயிற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள். வைக்கோலின் நாரை அவை நிதானமாகப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்ரிக் அமிலங்களாக்கும். அந்த அமிலங்கள்தான் மாட்டுக்கு உண்மையான சாப்பாடு. புரோபியோனிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, அதிலிருந்துதான் நீங்கள் குடிக்கும் பாலின் இனிப்பே வருகிறது.

வெந்த சோறு அப்படி நிதானமாகக் கரையாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்றொரு பாக்டீரியா அந்த மாவுச்சத்தைக் கண்டால் மளமளவென்று பெருகும். சர்க்கரையை பைருவேட்டாக உடைத்து, லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் என்ற ஒரே நொதியால் லாக்டிக் அமிலமாக்கிவிடும். மற்ற மூன்றையும்விட இது ஏறக்குறைய பத்து மடங்கு வீரியமான அமிலம்.

இதைத் தின்று தீர்க்கவும் ஆள் உண்டு, மெகாஸ்ஃபேரா எல்ஸ்டெனி. லாக்டிக் அமிலத்திலிருந்து தண்ணீரைக் கழற்றி, ஹைட்ரஜனைச் சேர்த்து, நொதி நொதியாகக் கடந்து புரோபியோனிக் அமிலமாக்கும். ஆனால் வைக்கோல் தின்கிற மாட்டில் இதன் கூட்டம் சின்னது. தானியத்துக்குப் பழக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். நீங்கள் கொட்டுவதோ ஒரே மத்தியானத்தில்!

ஆறுக்கு மேல் இருக்கவேண்டிய பி.எச். ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் இந்தக் கூட்டமும் படுத்துவிடும். லாக்டோபேசில்லஸ் புகுந்து இன்னும் அமிலம் ஊற்றும். ரத்தத்தில் இருக்கும் தண்ணீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். மாடு அசைபோடாது, தள்ளாடும், படுக்கும். ஓரிரு நாளில் செத்தும் போகும்.

"கிராமத்துல கஞ்சித்தண்ணி ஊத்துறீங்களே?" என்று கேட்பீர்கள். ஊத்துறோம். தினம் கொஞ்சம், பழக்கப்பட்ட மாட்டுக்கு, தீவனத்தோடு. ஒரு கைப்பிடி பொங்கலுக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனால் தெருவே ஆளுக்கொரு பக்கெட் வைத்தால், மாட்டுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. ருசி கண்டால் வழித்துத் தின்னும்.

செத்தால் நஷ்டம் மாட்டுக்காரனுக்கு. புண்ணியம் மட்டும் உங்களுக்கா?

புண்ணியம் வேணும்னா ஒரு கட்டு அகத்திக்கீரையோ பசும்புல்லோ வாங்கிப் போடுங்க. சோறு மிஞ்சினா மனுசனுக்குக் குடுங்க. தின்னுட்டு வயிறு உப்பி நிக்கிற மாட்டைப் பாத்தா, கும்பிடறதுக்கு முன்னாடி கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க.