விளக்கு எரிந்தால் முதலில் எண்ணைக் கேளுங்கள்

அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது எனக்குப் பொழுது போனது மாப்பிள்ளையின் 2001 மாடல் கார்வெட்டுடன்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒருநாள் அதன் டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. பக்கத்திலிருந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். இரண்டு ஆக்ஸிஜன் சென்சாரையும் மாற்றவேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். நம் ஊரில் அந்தப் பணத்துக்கு நல்லதாக ஒரு பழைய பைக்கே வாங்கிவிடலாம்.

"மாப்பிள்ளை, அவங்க சொல்றது இருக்கட்டும். கார் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றேன்.

1997 முதல் 2004 வரை வந்த கார்வெட்டில் இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யவேண்டும். ரீசெட் பட்டனை அழுத்தித் திரையில் இருக்கும் செய்திகளை நீக்கிவிட்டு, ஆப்ஷன்ஸ் பட்டனைப் பிடித்தபடி ஃப்யூயல் பட்டனை நான்கு முறை அழுத்தவேண்டும். எஞ்சின், பிரேக், கதவு, ஏசி என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் குறையை வரிசையாகத் திரையில் காட்டும். எண்ணுக்குப் பின்னால் 'சி' என்று இருந்தால் இப்போது இருக்கும் குறை. 'எச்' என்றால் முன்பு எப்போதோ வந்துபோனது.

எங்களுக்கு வந்தவை பி0171, பி0174. எஞ்சினின் இரண்டு பக்கமும் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். எட்டு சிலிண்டர் எஞ்சின், பக்கத்துக்கு நான்கு. இரண்டு பக்கத்து சென்சாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் கெடுமா? இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தானே தேடவேண்டும்? தேடினோம். காற்றை உறிஞ்சும் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் வயதாகி வெடித்திருந்தது. சில டாலரில் வேலை முடிந்தது.

அதற்கும் முந்தைய, 1984-ல் வந்த கார்வெட்டில் திரையில் எண் வராது. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் எஞ்சின் விளக்கு சிமிட்டும். ஒரு சிமிட்டு, சற்று இடைவெளி, இரண்டு சிமிட்டு என்றால் 12. அது மூன்று முறை வந்தால், பரிசோதனை சரியாக வேலை செய்கிறது என்று பொருள். பிறகு குறைகளின் எண்கள் வரும். பேப்பரும் பென்சிலும் போதும்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் 16 முனை சாக்கெட்டும் பொதுவான எண்களும் சட்டப்படி வந்துவிட்டன. நல்ல காரியம்தான். ஆனால் பெரும்பாலான கார்களில் எண்ணைப் பார்க்கத் தனிக் கருவி வேண்டும். உரிமையாளருக்குத் தெரிவது வெறும் மஞ்சள் விளக்கு. இவ்வளவு பெரிய திரை வைக்கிறவர்கள் நான்கு இலக்க எண்ணை அதில் காட்டினால் என்ன?

எண்ணைக் காட்டினால் ஆளாளுக்குத் தப்பான பார்ட்டை வாங்கி மாட்டுவார்கள் என்பார்கள். அதில் உண்மை உண்டு. எண் என்பது புகார்தான், தீர்ப்பு அல்ல. பேட்டரி பலவீனமானாலே, பழுதே இல்லாத கம்ப்யூட்டர்கள்கூட ஒன்றையொன்று குறை சொல்லும். புகாரிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் திறமை. அந்தத் திறமைக்குத் தாராளமாகக் கூலி கொடுக்கலாம். எண்ணை மறைப்பதற்குக் கொடுக்கக்கூடாது.

இப்போது நம் தெருவில் நிற்கும் புதுக் கார்களிலும் அந்த சாக்கெட் இருக்கிறது. விளக்கு எரிந்தால் பதறவேண்டாம். விட்டுவிட்டுச் சிமிட்டினால் மட்டும் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். அது எஞ்சின் மிஸ்ஃபயர் ஆவதற்கான எச்சரிக்கை. ஒர்க்‌ஷாப்பில் எண் என்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை அழிப்பதற்கு முன்பே கேளுங்கள். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?" என்றால், வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள்.